கடலுக்குள் நான், கரையில் அவர்

அந்தமான் போவதென்று தீர்மானமானதுமே எங்கள் வீட்டில் யார் யாருக்கு என்ன வேலை என்பதும் தீர்மானமாகிவிட்டது. என் கணவரும் மகனும் ஸ்கூபா உடை மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்ப் பவளப்பாறை பார்ப்பார்கள். நான் கரையில் குடை பிடித்துக்கொண்டு செருப்பு, பணப்பை, கைபேசி, துண்டு எல்லாவற்றுக்கும் காவல் இருப்பேன். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டி கட்டும்போதே தெரிந்துவிட்டது. அவர்களுக்கு நீச்சல் உடை, எனக்குத் தைலம்!

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான். கப்பலில் போனால் மூன்று நாள் பிடிக்கும். இறங்குகிற ஊர் நமக்கெல்லாம் போர்ட் பிளேர் என்று பழக்கமானது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். கடைத்தெருவில் காது கொடுத்தால் எங்கும் தமிழ் கேட்கிறது. வெற்றிமலை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, 1906-இல் கட்டி முடித்த செல்லுலர் சிறையையும் பார்த்தோம். ஏழு சிறகாக இருந்த கட்டடத்தில் இப்போது மூன்றுதான் நிற்கிறது. அந்த அறைகளைப் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

அங்கிருந்து படகில் ஹேவ்லாக் தீவு. 2018-லிருந்து அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர். 1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவு அது. தென்னையும் பாக்கும் வாழையுமாகப் பார்க்க நம் தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரியே இருக்கிறது. கடற்கரைகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள்! "ஏழாம் நம்பருக்குப் போகணுமா?" என்று கேட்டால் ராதாநகர் கடற்கரை என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஸ்கூபா நிலையத்துக்குப் போனோம். முதலில் கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். எல்லாம் உடம்பைப் பற்றிய கேள்விகள். இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, காதில் ஆபரேஷன் ஆனதுண்டா, இப்போது சளி பிடித்திருக்கிறதா, கர்ப்பமா, ஆஸ்துமா உண்டா என்று வரிசையாக. இவர் பேனாவை வைத்துக்கொண்டு கடகடவென்று 'இல்லை', 'இல்லை' என்று போட்டுக்கொண்டே போனார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"என்னங்க, மூச்சிரைப்பு உண்டான்னு கேட்டிருக்கே?"

"அது எப்பவோ சின்ன வயசுல. விடு."

"போன கார்த்திகையில ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினீங்களே, அதுவும் சின்ன வயசா?"

பையன் நைசாகக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். இவர் முகம் சிவந்துவிட்டது. நாலு பேர் முன்னால் சொல்லலாமா என்று கோபம். எனக்கு மட்டும் சந்தோஷமா என்ன? ஆனால், இதை நாலு பேர் முன்னால் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? கடலுக்குள் போனபிறகா?

அங்கே பயிற்சி கொடுக்கிறவள் இருபத்தைந்து வயதுப் பெண். அகதியாக வந்த குடும்பத்துப் பேத்தியாம். அவளுடைய ஹிந்தியும் என் பள்ளிக்கூட ஹிந்தியும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன. மிகவும் பொறுமையாக விளக்கினாள். தண்ணீருக்குள் பத்து மீட்டர் இறங்கினாலே நம் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுகிறது. அங்கே உள்ளே இழுத்த காற்று, மேலே வரவர விரிந்துகொண்டே வரும். தரைக்கு வருவதற்குள் அதுவும் இரண்டு மடங்கு. மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றுமில்லை. ஆஸ்துமாக்காரருக்கு நுரையீரலின் சின்னக் குழாய்கள் சுருங்கிக்கொண்டால் காற்று வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே விரியும். நுரையீரல் கிழிந்துபோகலாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆவி போகிற துளை அடைத்துக்கொண்ட குக்கர்! மூடியைப் பற்றி நமக்கா சொல்லித்தர வேண்டும்?

டாக்டரின் எழுத்து இல்லாமல் இவரை இறக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். இரண்டு பேருக்குப் பணம் கட்டியாகிவிட்டது. "அம்மா, நீ வாயேன்" என்றான் பையன்.

"இவளுக்கு நீச்சலே தெரியாதே!" என்றார் இவர். முதல் முறை போகிறவர்களுக்கு நீச்சல் கட்டாயமில்லை, நான் கடைசிவரை பிடித்துக்கொண்டேதான் இருப்பேன் என்றாள் அந்தப் பெண். எனக்கு ஒரு படிவம் வந்தது. நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி: புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் உண்டா? எனக்கு நாற்பத்தாறு. தெருவில் நடந்த முகாமில் போன மாதம்தான் எல்லாம் பார்த்திருந்தேன். ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டேன்.

உடையைப் பற்றி நம் பெண்களுக்கு இருக்கும் கவலை எனக்கும் இருந்தது. கவலையே வேண்டாம். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற தடித்த ரப்பர் உடை. நம் சுடிதாரை விட அடக்கம்! வளையல், ஜிமிக்கியைக் கழற்றச் சொன்னார்கள். தாலிக்கொடி உடைக்குள்ளேயே இருந்துவிட்டது. மூக்குத்தியும் தடையில்லை, ஆனால் காதடைப்பு விட அடிக்கடி மூக்கைப் பிடிக்க வேண்டும், அப்போது குத்துகிறது. சின்ன மூக்குத்தியாகப் போட்டுக்கொண்டு போவது உத்தமம். தலைமுடியை இறுக்கிப் பின்னி, நெற்றியில் ஒரு முடிகூட விழாமல் ஒதுக்க வேண்டும். ஒரு முடி முகமூடிக்குள் மாட்டிக்கொண்டாலும் தண்ணீர் கசியும்.

இடுப்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் பாடம். முக்கியமானது ஒன்றே ஒன்று: எந்தக் காரணத்தைக் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது. முதுகில் சுமக்கிற உருளையில் இருப்பது வெறும் பிராணவாயு என்று நினைத்திருந்தவர் பலர். அது நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்தது. முகமூடிக்குள் தண்ணீர் வந்தால் மேல்விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊத வேண்டும். சைகைகளும் உண்டு. நாம் 'பேஷ்' என்று கட்டைவிரலைத் தூக்குகிறோமே, அங்கே அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். நன்றாயிருக்கிறேன் என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

இறங்கினோம். இரண்டு மீட்டரிலேயே காது அடைத்தது. ஊட்டியிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது அடைக்குமே, அதே தினுசு. இன்னும் கொஞ்சம் பலமாக. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினேன். 'பட்' என்று விட்டது. ஒவ்வொரு முழத்துக்கும் இதையே செய்துகொண்டு போக வேண்டும். சளி இருந்தால் இது விடாது. அதனால்தான் ஜலதோஷக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பிறகு சகோதரிகளே, சத்தமே இல்லை. என் மூச்சு உள்ளே போவதும், குமிழியாகப் பொங்கி மேலே போவதும் மட்டும்தான் கேட்டது. இருபது வருஷமாகக் கேட்டு வந்த குக்கர் விசில், மிக்ஸி, தொலைக்காட்சி, 'அம்மா, என் சாக்ஸ் எங்கே?' எதுவுமே இல்லை. என் மூச்சை நானே அவ்வளவு நேரம் கேட்டது பிரசவ அறைக்குப் பிறகு அன்றுதான்.

கையிலிருந்த மருதாணிச் சிவப்பு கறுத்துப்போய்த் தெரிந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தானாம். கடல்சாமந்தியின் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன்கள். வேறு மீன் தொட்டால் கொட்டுகிற விரல்கள் இவற்றை ஒன்றும் செய்வதில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லாரையும்விடப் பெரியவள் தாய்தான், எஜமானியும் அவள்தான். அவள் இறந்துபோனால், அவளுடைய ஆண் துணையே மெல்ல மெல்லப் பெண்ணாக மாறி அந்த இடத்துக்கு வந்துவிடுமாம். மேலே வந்தபிறகு இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கிளிமீன் ஒன்று அலகு மாதிரி வாயால் பாறையைக் 'கறுக் கறுக்'கென்று சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. அது கழிப்பதுதான் வெள்ளை மணலாகிறது. நாம் கால் புதைத்து நடந்த மணலில் அதன் பங்கும் உண்டு! சில இடங்களில் பவளம் உயிரில்லாமல் சாம்பலாக உடைந்து கிடந்தது. பவளம் என்பது கல் அல்ல, உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. கடல் வழக்கத்தைவிட ஒரு டிகிரி, இரண்டு டிகிரி சூடேறி அப்படியே சில வாரம் இருந்தால், பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. அந்தமானில் 2010-இல் அப்படி ஏராளமாக வெளுத்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

அரைமணி நேரம் கழித்துத் தலையை வெளியே நீட்டினால், இவர் முழங்கால் தண்ணீரில் என் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "காது வலிக்குதா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் ஐந்தரைக்கே அங்கே இருட்ட ஆரம்பித்துவிடுகிறது. அதுவரைக்கும் உம்மென்றுதான் இருந்தார்.

மறுநாள் கயாக். அது ஆறு மாதிரி வளைந்து வளைந்து போகிற உப்பங்கழி. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. நம் பிச்சாவரம் பார்த்தவர்களுக்குப் பழக்கமான காட்சிதான், ஆனால் மரங்கள் உயரம், ஆளரவமே இல்லை. கயாக் என்பது வடதுருவப் பனிப்பிரதேசத்து மக்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகு. இப்போது பிளாஸ்டிக்கில் வந்து, வெயில் தேசத்தில் நம்மைச் சுமக்கிறது.

கிளம்பும்முன் வழிகாட்டிப் பையன் "யாருக்காவது ஆஸ்துமா உண்டா?" என்று கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. இவரே, "எனக்கு உண்டு" என்றார். இன்ஹேலர் வைத்திருக்கிறீர்களா என்றதும் அறைக்குப் போய்ச் சவரப் பெட்டியின் அடியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தாரே, பார்க்கணும்! எத்தனை வருஷமாக அங்கே இருந்ததோ தெரியாது. அதே பெட்டியை மாதாமாதம் துடைத்து வைத்தவள் நான். பையன் அதைத் தண்ணீர் புகாத பையில் போட்டு இவர் கழுத்தில் மாட்டிவிட்டான்.

இரண்டு பேர் படகில் முன்னால் உட்காருகிறவர் தாளம் போட வேண்டும். பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்கே துடுப்புப் போட்டு, திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் இவர், பின்னால் நான். முதல் பத்து நிமிஷம் இந்தக் கரை வேரில் ஒரு முட்டு, அந்தக் கரை வேரில் ஒரு முட்டு. "வலதுன்னா வலது போடு!" என்று இவர், "நீங்க நிதானமாப் போடுங்க, மூச்சு வாங்கும்" என்று நான். அப்புறம் இவர் வேகத்தைக் குறைத்தார். படகு நேராயிற்று.

அலையாத்தி மரத்தில் ஒரு விசேஷம் கண்டேன். சுரபுன்னை வகையில் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாகத் தொங்குகிறது. சேற்றில் வேர் பிடிக்கத் தயாரான பிறகுதான் தாய் அதைக் கீழே விடுகிறது. உப்புத்தண்ணீரில் வெறும் விதை பிழைக்காது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்! இந்தக் கழிகளில் உப்புநீர் முதலைகளும் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தது. வழிகாட்டி இல்லாமல் யாரும் போக வேண்டாம், தண்ணீரில் கையை அளைய வேண்டாம்.

போக நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஸ்கூபாவை ஊர் திரும்புகிற நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானம் உயரப் பறக்கையில் திறந்த சோடா புட்டி மாதிரி குமிழிவிடலாம். பதினெட்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்; ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நிம்மதி. பவளத் துண்டு பொறுக்கி வருவது 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டப்படி குற்றம். குழந்தைகளின் பைகளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஊர் திரும்பிய வாரமே இவர் தானாகக் கிளம்பி நெஞ்சு டாக்டரிடம் போனார். நானும் கூடப் போனேன். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கும்போது மட்டும் உபயோகிக்கிற மருந்து போதாது, தினசரி காலையும் மாலையும் இழுக்கிற தடுப்பு மருந்து வேண்டும் என்றார். "பழகிப்போயிடாதா டாக்டர்?" என்று இவர் கேட்டார். அந்தப் பயத்தில்தானே சவரப் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது! அடிமைப்படுத்துகிற மருந்து இல்லை, நேரே நுரையீரலுக்கே போவதால் மிகக் குறைந்த அளவே போதும், இழுத்தபின் வாய் மட்டும் கொப்பளியுங்கள் என்றார் டாக்டர்.

இப்போது இன்ஹேலர் சமையலறை அலமாரியில், காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காபி இறக்குமுன் இரண்டு இழுப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவது நின்று நான்கு மாதமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மெதுவாக, "டாக்டர் எழுதிக் கொடுத்தா என்னை இறக்குவாங்க இல்லே?" என்று கேட்டார். "அவர் எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன்.