ஏறி இறங்கும் ஓசை

யு.எம். 3561 என்று ஒரு ஐ.சி. உண்டு. மொத்தம் எட்டுக் கால். தைவானின் யு.எம்.சி. நிறுவனம் பொம்மைக்கும் அலாரத்துக்கும் என்று செய்தது. போலீஸ் சைரன், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், இயந்திரத் துப்பாக்கி என நான்கு ஓசைகள் தயாரிப்பின்போதே அதற்குள் பதிந்துவிடும். எந்த ஓசை வேண்டும் என்று சொல்வதுதான் நம் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் எனக்குப் பிடிபட்டது இந்த ஐ.சி.யை வைத்துத்தான். மணலி புதுநகரில் கன்டெய்னர் லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் கடையில் நான் வேலை பழகிய காலத்தில், ரிவர்ஸ் ஹாரன் வேலை வந்தால் என்னிடம்தான் தள்ளுவார்கள். ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்கு இதை வாங்கி வந்து, துளைபோட்ட போர்டில் ஈயம் வைத்து, பழைய சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிக் கேட்டுப் பார்ப்பேன்.

எந்த ஓசை என்று அதற்குச் சொல்லும் முறையைப் பாருங்கள். ஆறாம் காலையும் ஒன்றாம் காலையும் எதிலும் சேர்க்காமல் விட்டால் போலீஸ் சைரன். ஆறாம் காலைப் பாசிட்டிவில் கட்டினால் தீயணைப்பு வண்டி. அதே காலை நெகட்டிவில் கட்டினால் ஆம்புலன்ஸ். ஒன்றாம் காலைப் பாசிட்டிவில் கட்டிவிட்டாலோ, ஆறாம் கால் எங்கே இருந்தாலும் துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான். ஒரு காலுக்குக் கட்டுவது, கட்டாமல் விடுவது என்ற இரண்டு நிலைகள்தான் உண்டு என்று நினைத்திருந்தவனுக்கு, மேலே கட்டுவது, கீழே கட்டுவது, சும்மா விடுவது என்று மூன்றும் மூன்று கட்டளைகள் என்று புரிந்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் சொல்லி மாளாது.

சும்மா விட்ட கால் லாரியில் ஒரு தொல்லையும் கொடுக்கும். டாஷ்போர்டில் சுவிட்ச் வைக்க ஆசைப்பட்டு அந்தக் காலிலிருந்து நீள வயர் இழுத்தால், வயரே ஏரியல் ஆகிவிடும்; ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அதில் ஏறும், போலீஸ் சைரன் நடுவே திக்கித் தீயணைப்பு வண்டிக்குத் தாவும். அதனால் ஓசையைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பைப் போர்டிலேயே முடித்துவிட வேண்டும். வெளியே போகவேண்டியது கரன்ட் லைன் மட்டும். ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் லைனிலிருந்தே அதை எடுத்தால் கியர் போட்டதும் ஓசை முதலிலிருந்து தொடங்கும். கரன்ட் வந்தவுடன் தன்னைத்தானே ஆரம்பத்துக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு ஐ.சி.க்கு உள்ளேயே இருக்கிறது. கனரக லாரியின் பேட்டரி 24 வோல்ட், இந்த ஐ.சி.க்குத் தேவையோ 3 வோல்ட். நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 3.3 வோல்ட் ஜீனர் டயோடும் போடுவோம். ரெசிஸ்டர் 1 வாட்டாக இருக்கவேண்டும். கால் வாட் போட்டால் கருகிவிடும்.

ஏழாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வரும். உள்ளிருக்கும் கடிகாரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். மதிப்பைக் கூட்டினால் சைரன் தூங்கி வழியும், குறைத்தால் கீச்சிடும். சுருதியும் வேகமும் சேர்ந்தே மாறும். சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றித் தா என்றால் இந்த ஐ.சி.யால் முடியாது. அது ஏன் முடியாது என்ற கேள்விதான் என்னை அடுத்த ஐ.சி.யிடம் கொண்டுபோய் விட்டது.

ஆனால் அதற்குமுன் சைரனுக்கும் எனக்கும் உள்ள பழைய கணக்கைச் சொல்லிவிட வேண்டும். அப்பா மணலியில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆள். எங்கள் பக்கத்தில் சைரன் புதிதல்ல. ஷிப்டு மாறும்போது ஊதும் சங்கை யாரும் காதில் வாங்குவதே இல்லை. அம்மாவுக்கு அது கடிகாரம். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் மட்டும் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனையில் போய் நிற்பாள். அப்பாவின் சைக்கிள் தெரியும்வரை யாரிடமும் பேசமாட்டாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பயம் வயிற்றில்தான் இறங்கியது. வளர்ந்த பிறகும் ராத்திரியில் எங்காவது சைரன் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

அடுத்த ஐ.சி. என்றேனே, அது அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எஸ்.என். 76477. 28 கால். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டு எந்திரத்தில், திரையின் மேலே குறுக்காகப் பறக்கும் தட்டுக்கு ஓசை கொடுத்தது இதுதான். ரிச்சி தெருவில் பழைய சரக்கு வைத்திருந்த பெரியவர் ஒருவர் டப்பாவிலிருந்து தேடி எடுத்து, “இத யாரும் கேக்கறதில்ல தம்பி, எடுத்துக்கோ” என்றார்.

இதற்குள் பதிந்த ஓசை எதுவும் கிடையாது. ஓசையை நாம்தான் வெளியிலிருந்து கட்டவேண்டும். உள்ளே மூன்று ஊற்றுகள்: மிக மெதுவாக அலையும் ஆஸிலேட்டர் ஒன்று, வேகமாக அலைவது ஒன்று, ‘உஸ்’ என்ற வெறும் இரைச்சல் ஒன்று. 22ஆம் காலைப் பாசிட்டிவில் கட்டினால் மெதுவானது வேகமானதைப் பிடித்து ஆட்டத் தொடங்கும். மெதுவானதன் மின்னழுத்தம் ஏறி இறங்க, வேகமானதன் சுருதியும் கூடவே ஏறி இறங்கும். சைரன் என்பது இவ்வளவுதான்.

கணக்கும் எளிது. 0.64ஐ ரெசிஸ்டராலும் கண்டென்சராலும் வகுத்தால் விநாடிக்கு எத்தனை அலை என்று வரும். வேகமான பக்கத்தில் 100 கிலோ ஓமும் 0.01 மைக்ரோஃபாரடும் வைத்தேன். அதன் அடிச்சுருதி 640 ஹெர்ட்ஸ், அங்கிருந்து பத்து மடங்குவரை மேலே போக வழியுண்டு. மெதுவான பக்கத்தில் 2.2 மெகா ஓமும் 1 மைக்ரோஃபாரடும். ஒரு ஏற்ற இறக்கத்துக்கு மூன்றரை விநாடி. ஸ்பீக்கரிலிருந்து அந்த நீண்ட ஓலம் கிளம்பியது. சின்ன வயதில் தெருமுனையில் கேட்டதற்கு மிகப் பக்கத்தில் இருந்தது, உள்ளங்கை வியர்த்துவிட்டது. பிறகு அந்த 2.2 மெகா ஓமைக் கழற்றி 220 கிலோ ஓமை வைத்தேன். அதே சுருதி, அதே ஏற்றம், விநாடிக்கு மூன்று தடவை. அவசரப்படும் வண்டியின் கூச்சல் ஆகிவிட்டது. மறுபடி பழையதை வைத்தேன், ஓலம் திரும்பியது. வைத்து வைத்து எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் வயிறு இறுகுவது நின்றுவிட்டதைக் கவனித்தேன். பயம் அந்த ஓசைக்குள் இல்லை. எந்த ஓசை எந்த நேரத்தில் வரவேண்டும் என்று ஊர் தனக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில் இருக்கிறது. அம்மா நடுங்கியது சைரனைக் கேட்டல்ல, அதை நம்பியதால்.

மற்ற கால்களையும் கொஞ்சம் சொல்கிறேன். 25, 26, 27 மூன்றும் கலவைக்கு. மூன்றையும் கீழே கட்டினால் வேகமான அலை மட்டும் வெளியே வரும், மூன்றையும் மேலே கட்டினால் எதுவும் வராது. இடைப்பட்ட சேர்க்கைகள் பலவற்றில் இரைச்சல் தனியாகவோ மற்றவற்றோடு கலந்தோ வரும். இரைச்சலை மட்டும் எடுத்து அதன் ஃபில்டரைத் திருகினால், சுத்திகரிப்பு ஆலையில் நீராவி திறந்துவிடும்போது கேட்குமே, அது வரும். மெதுவான அலையோடு அதைக் கலந்தால் கரி எஞ்சின். ஒன்பதாம் கால் மேலே இருக்கும்வரை ஐ.சி. ஊமை, கீழே இறங்கும் அந்தக் கணத்தில் ஒருமுறை மட்டும் ஒலித்து ஓயும் ஓசையையும் கிளப்பலாம். ஓசை எவ்வளவு சட்டென எழவேண்டும், எவ்வளவு நிதானமாக அடங்கவேண்டும் என்பதற்குத் தனித்தனி ரெசிஸ்டர்கள். இரைச்சலைச் சட்டென எழுப்பி மெல்ல அடங்கவிட்டால் வெடிச் சத்தம். 9 வோல்ட் பேட்டரி போதும். மேலே கட்டவேண்டிய கால்களுக்கான 5 வோல்ட்டை 15ஆம் காலில் ஐ.சி.யே தருகிறது. நான் படித்த எந்தப் பாடத்தையும்விட இந்த ஒரு ஐ.சி. எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் லாரிகள் நிற்கும். சென்ற வருஷம் ஒரு டிரைவர் வந்தார். “அண்ணே, ஹாரன் அடிச்சா ஒருத்தனும் ஒதுங்க மாட்டேங்கறான். ஆம்புலன்ஸ் சவுண்டு வெச்சிக் குடுண்ணே.” ஆறாம் காலை நெகட்டிவில் கட்டுகிற வேலை, ஒரு சொட்டு ஈயம். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி, மாறி மாறிப் பல சுருதியில் ஒலிக்கும் ஹாரனைச் சாதாரண வண்டிகளில் வைக்கக் கூடாது என்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற வண்டிகளுக்குத்தான் விலக்கு. அதையும் அவரிடம் சொன்னேன். ஆனால் என் மனதில் இருந்தது சட்டம் அல்ல.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூக்கில் ஏறிய நெடியில் விழித்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். அம்மோனியாவும் எரிவாயுவும் குழாயில் ஓடுகிற எங்கள் பகுதியில் ஒரு சைரன் ஒலித்தால், கேட்ட நொடியில் ஜனங்கள் அதை நம்பி எழுந்திருக்க வேண்டும். டிராஃபிக்கில் முந்துவதற்கும் ரிவர்ஸ் எடுப்பதற்கும் அதே ஓசையைப் பகலெல்லாம் ஊதிக்கொண்டிருந்தால், ராத்திரியில் உண்மையாக ஊதும்போது பாதிப் பேர் புரண்டு படுப்பார்கள். 108 வண்டிக்குள் மூச்சுக்குத் தவிப்பவருக்கு வழி விடவேண்டியவர், பின்னால் வருவது லாரிதான் என்று ஒதுங்காமல் போவார். ஒரு கால் கட்டுக் கூலிக்காக அதை என் கையால் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

டிரைவருக்குக் கோபம்தான். “பக்கத்துக் கடைல போட்டுக்கறேன்” என்றார். போடலாம், தடுக்க என்னால் ஆகாது என்றேன். பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் வண்டி எடுப்பதுதான் அவருடைய உண்மையான கஷ்டம் என்று பேச்சில் தெரிந்தது. அதற்கு சைரன் வேண்டாம். 555 டைமர் ஐ.சி. இரண்டு போட்டு, ஒரே சுருதியில் விட்டு விட்டு அடிக்கும் பீப்பை ரிவர்ஸ் லைனில் கட்டி, பின் பம்பருக்கு அடியில் ஸ்பீக்கரைத் தரை பார்க்கத் திருப்பி வைத்தேன். முன்னால் போகிறவர்களுக்காக ஹாரனையும் கழற்றிப் பார்த்தேன். ரிலே முனை கருகி, ஓசை பாதிதான் வந்துகொண்டிருந்தது. ரிலேயை மாற்றினேன். அடித்துப் பார்த்தவர், “இதாண்ணே கேட்டேன்” என்று காசைக் கொடுத்துவிட்டுக் காட்டுப்பள்ளிக்குக் கிளம்பினார். அவருடைய யார்டிலிருந்து இப்போது வேறு வண்டிகளும் அந்த பீப்புக்காக வருகின்றன.