திருத்த முடியாத பாரம்

மலேசியாவின் சுங்கை பூலோவில் இடப்பெயர்கள் சீக்கிரம் மாறிவிடுகின்றன. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்கு (ஆர்ஆர்ஐ) சொந்தமாயிருந்த 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் இன்று குவாசா டாமன்சாரா. 2016 டிசம்பரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. புதுத் தாமான்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. ஆனாலும் எந்த ஊர் என்று பெரியவர்களைக் கேட்டால் 'ஆர்ஆர்ஐ' என்றுதான் பதில் வரும்.

உதவி தேவைப்படும் குடும்பங்களைக் கணக்கெடுக்க எங்கள் வட்டாரச் சங்கம் கூகுள் பாரம் ஒன்று போட்டது. இடப்பட்டியலில் 'ஆர்ஆர்ஐ' விடுபட்டிருந்தது. கட்டாயக் கேள்வி, 'மற்றவை'யும் கிடையாது. எதிர்வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டினார்: "தம்பி, எங்க இடமே இதுல காணோமே, எதை அமுக்குறது?" ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வேறொரு தாமானைத் தொட்டு அனுப்பினார். எந்தப் பகுதிக்கு எத்தனை உணவுப் பொட்டலம் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் பிரிப்பார்கள். அவர் குடும்பம் அவர் வசிக்காத இடத்தில் பதிவாகிவிட்டது.

பாரத்தைத் திருத்த வழியில்லை. அதை உருவாக்கிய இளைஞர் வேலைக்காகச் சிங்கப்பூர் போய்விட்டார். அவருடைய பழைய கணக்கின் கடவுச்சொல் நினைவில் இல்லை. சரிபார்ப்பு எண் போய்ச் சேரும் பிரிபெய்ட் எண்ணும் காலாவதி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சம்பளமில்லாமல், இரவில் கண்விழித்துச் செய்து கொடுத்த பிள்ளை. இன்னொருவரையும் திருத்துநராகச் சேர்த்து வை என்று பெரியவர்கள் யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நிரப்புவதற்கான இணைப்பு வேறு, திருத்துவதற்கான இணைப்பு வேறு. முன்னது கையில் இருப்பதால் பின்னது கிடைத்துவிடாது. அனுப்பிய பதிலை மாற்றவும், பாரம் போட்டவர் அந்த வசதியை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். இங்கே அதுவும் இல்லை. நல்லவேளையாகப் பதில்கள் விரிதாள் ஒன்றிலும் சேர்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்க்கும் அனுமதி பொருளாளருக்கு இருந்தது. முதலில் அதைப் படியெடுத்தோம். பிறகு சங்கத்தின் பெயரில் கணக்கு திறந்து, கேள்விகளை மறுபடி தட்டச்சு செய்து, ஆர்ஆர்ஐயையும் 'மற்றவை'யையும் சேர்த்து, செயலாளரையும் பொருளாளரையும் திருத்துநர்களாக்கினோம். இடம் தவறிய குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, படியெடுத்த தாளில் சரிசெய்தோம்.

எனக்குத் தூக்கம் கெட்டது வேறொன்றால். பழைய பாரம் அடையாள அட்டை எண்ணைக் கேட்டிருந்தது. அந்த 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் அல்லது நாடு. கூடவே வருமானம், வீட்டு முகவரி. ஏழைக் குடும்பம் ஒன்றின் மொத்த விவரமும், யாராலும் திறக்க முடியாத கணக்கில் கிடக்கிறது. பாரத்தை மூடவும் முடியவில்லை. புலனக் குழுக்களில் அந்த இணைப்பு சுற்றச் சுற்ற இன்னும் ஆட்கள் நிரப்புகிறார்கள். உதவி கேட்டு வருகிறவரிடம் அடையாள அட்டை எண்ணை முதல் பக்கத்திலேயே கேட்பது சரியில்லை என்று கூட்டத்தில் வாதாடினேன். புதிய பாரத்தில் அந்தக் கேள்வி இல்லை. நேரில் சரிபார்க்கும்போது அட்டையைக் காட்டினால் போதும்.

கோயில் அறிவிப்புப் பலகையில் இருந்த பழைய கியூஆர் கட்டத்தின்மேல் புதியதை ஒட்டிவிட்டோம். பழைய இணைப்பு எந்தக் குழுவில் வந்தாலும், அதற்குக் கீழே புதியதைப் போடும்படி ஒவ்வொரு தாமானிலும் ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தவர்களிடம் நிலைமையைச் சொல்லும் வேலை இன்னும் பாக்கி. பட்டியலை நான் வாங்கிக்கொண்டேன்.