ஜெட்டில் கம்பி விடாத பட்டறை

கார்ப்பரேட்டர் வேலைக்கும் தஞ்சாவூரில் பட்டம் உண்டு. ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறப்பார்களா என்ற பேச்சு அடிபடத் தொடங்கியதும், மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன பம்புசெட்டுகள் பரணிலிருந்து இறங்கி வரும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பாவுக்கு மருந்தடிக்கும் விசைத் தெளிப்பான்கள். தையில் அறுப்பு முடிந்து ரோட்டோரமெல்லாம் நெல் காயும்போது டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சு முழுக்க நெல் சுணை அடைத்து, கரும்புகை கக்கிக்கொண்டு, மூட்டை ஏற்றினால் பாலம் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து வரும்.

கரந்தையில் வடவாற்றுக்குப் பக்கத்துத் தகரக் கூரைப் பட்டறைக்கு நான் போனது தைக் கடைசியில். வாசலை அடைத்துக்கொண்டு மொபெட்டுகள். அவற்றைத் தாண்டி உள்ளே போனால், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று நம் பக்கம் தேடினால் ஹெரால்டில்தான் போய் நிற்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் 1961இலிருந்து பத்தாண்டுகள் உருவான வண்டி. 948 சி.சி. என்ஜின். உடலுக்குக் கோடு போட்டவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கலோட்டி. இதே சேசிஸைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்து 1962இல் இங்கிலாந்தில் விற்ற கார்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். நம் ஹெரால்டும் சும்மா இருக்கவில்லை. சோழவரம் விமான ஓடுதளப் பந்தயங்களில் ஓடியது. இந்தக் குறிப்பிட்ட வண்டி மன்னார்குடிப் பக்கத்து மிராசு வீட்டுச் சொத்து. தாத்தா காலத்துச் சோலெக்ஸ் கார்ப்பரேட்டரை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, இங்கிலாந்திலிருந்து பழைய எஸ்.யூ. கார்ப்பரேட்டர் ஒரு ஜோடியைத் தருவித்துப் பூட்டச் சொல்லியிருக்கிறார் பேரன்.

ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மேஸ்திரி அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடி.

“ஜெட் அடைச்சா கம்பி விட்டுக் குத்தறாங்க பாருங்க சார், அவங்க கையை ஒடைக்கணும்” என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

காரணம் இருக்கிறது. பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளைதான் ஜெட். சோலெக்ஸ் ஜெட்டின் தலையில் 115 என்று பொறித்திருந்தால் துளை 1.15 மில்லிமீட்டர். பித்தளை மெத்தென்ற உலோகம். எஃகுக் கம்பி நாலு தடவை போய் வந்தால் 115 எப்போது 120 ஆனது என்று யாருக்கும் தெரியாது, எண் மட்டும் பழையபடி இருக்கும். பிறகு மைலேஜ் போச்சு, கார்ப்பரேட்டரை மாற்று என்பார்கள். இவர் ஜெட்டைத் தின்னரில் ஊறப்போட்டு, தூண்டில் நைலான் நரம்பை உள்ளே விட்டு எடுத்து, காற்று அடிக்கிறார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். திருப்தியில்லை என்றால் மறுபடி தின்னர்.

இப்போது கடையில் கிடைக்கும் மலிவு ரிப்பேர் கிட்டில் ஜெட்டில் பொறித்த எண்ணையும் நம்ப முடிவதில்லை. அவர் மேஜையில் அளவு ஊசிகள் ஒரு வரிசை இருக்கின்றன. புது ஜெட் எது வந்தாலும் முதலில் ஊசி போட்டுப் பார்த்துத்தான் மாட்டுவார். தேறாததைப் போட்டுவைக்க ஒரு பால்டின் டப்பா. டப்பா நிறைந்திருந்தது.

பக்கத்து மேஜையில் ஒரு பழைய அம்பாசடரின் பித்தளை ஃப்ளோட். கிண்ணத்தில் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதை இந்த மிதவைதான் தீர்மானிக்கிறது. ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் பெட்ரோல் உள்ளே புகுந்து கனத்துப்போகும், மட்டம் ஏறும், ஓவர்ஃப்ளோ. மேஸ்திரி அதைச் சுடுதண்ணீரில் அமுக்கிப் பிடித்தார். உள்ளிருந்த பெட்ரோல் ஆவியாகி, விளிம்பில் ஓரிடத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். பெட்ரோல் முழுக்க வெளியேறி நன்றாக உலர்ந்த பிறகே பற்றவைப்பு. ஈயம் ஒரு துளிக்கு மேல் போகக் கூடாது. அந்த எடையும் மட்டத்தை மாற்றிவிடும். பற்றவைத்ததை அரத்தால் தேய்த்து, நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் வைத்து நிறுத்தார். இதற்குக் கூலி முந்நூறு ரூபாய் என்றார். எனக்கு அது அநியாயமாகக் குறைவாகப் பட்டது. சொன்னேன். சிரித்தார்.

ஹெரால்டுக்கு வருவோம். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன். ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர் 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு. அவருடையது செருப்பு வியாபாரக் குடும்பம், ஆரம்பகால எஸ்.யூ.வில் தோல் துருத்தி இருந்தது. பிறகு அந்த இடத்துக்குப் பிஸ்டன் வந்தது. என்ஜின் இழுக்கும் காற்றுக்கேற்பப் பிஸ்டன் ஏறி இறங்கும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசி ஜெட்டுக்குள் ஏறி இறங்கி, பெட்ரோல் போகும் இடைவெளியைக் கூட்டும், குறைக்கும். சோலெக்ஸ் மாதிரி மெயின் ஜெட், பைலட் ஜெட் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே ஜெட், ஒரே ஊசி.

வந்திறங்கிய ஜோடியில் த்ராட்டில் தண்டு இரண்டும் ஆடின. தண்டு ஆடினால் அந்தச் சந்தில் கணக்கில் வராத காற்று புகும். பிறகு எந்த ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் ஐட்லிங் நிற்காது. கார்ப்பரேட்டர் உடம்பைத் துளைத்து புஷ் இறக்க வேண்டும். கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் வெண்கலத்தில் கடைந்து கொடுத்திருக்கிறார். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குத் தண்டு கடைகிற கை. “அளவு சொன்னா போதும், எதுக்குன்னு கேக்க மாட்டாரு” என்றார் மேஸ்திரி. நான் கேட்டிருப்பேன்.

என்ஜின் சூடேறியதும் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒரு முழ ரப்பர் டியூபை எடுத்தார். ஒரு முனை காதில், மறுமுனை முதல் கார்ப்பரேட்டரின் வாயில். உஸ்ஸென்ற இரைச்சல். அப்படியே இரண்டாவதற்கு மாற்றினார். என்னிடமும் கொடுத்தார். முதலாவது தடித்த சத்தம், இரண்டாவது மெலிந்தது. யாருக்கும் புரியும் வித்தியாசம். த்ராட்டில் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று, மறுபடி காது, மறுபடி ஸ்க்ரூ. இரண்டும் ஒரே சத்தமாக எனக்குக் கேட்டபோது அவர் தலையாட்டவில்லை. இன்னும் மூன்று முறை திருகினார். அதன் பிறகுதான் இரண்டு தண்டையும் இணைக்கும் கிளாம்பை முறுக்கினார்.

அடுத்தது கலவை. ஜெட்டுக்கு அடியில் அறுகோண நட்டு. மேலே முட்டும்வரை ஏற்றி, பிறகு 12 பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, இறக்குவது தொடக்கம். அங்கிருந்து ஒவ்வொரு பட்டையாக. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்ப்பதுதான் சோதனை. என்ஜின் வேகமெடுத்து அந்த வேகத்திலேயே ஓடினால் பெட்ரோல் தூக்கல். தடுமாறி அணையப் பார்த்தால் காற்று தூக்கல். ஒரு நொடி லேசாக ஏறி, பழைய நிலைக்கு வந்தால் சரி. கடைசிச் சான்று பிளக். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. டிக்காஷன் தூக்கலான கும்பகோணம் டிகிரி காபியின் நிறத்தில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் கடைசி வேலை என்பதை அவர் பலமுறை சொன்னார். வால்வு இடைவெளி, பாயின்ட், டைமிங், பிளக் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே கார்ப்பரேட்டரில் கை வைப்பார். “கார்ப்பரேட்டர் கோளாறுன்னு வர்றதுல பாதி கரண்ட் கோளாறு சார்.”

இப்போது அவருக்குப் பெரிய தலைவலி பெட்ரோலே. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அந்தக் கணக்கு 13.5க்குப் பக்கத்தில் வருகிறது. இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் மோப்பம் பிடித்து அளவைக் கூட்டிக்கொள்ளும். அறுபதுகளில் துளைத்த ஜெட்டுக்கு அந்த மூக்கு இல்லை. பழைய அளவையே ஊற்றும், பிளக் வெளுக்கும், என்ஜின் சூடேறும். அதனால் ஹெரால்டுக்கு நட்டை ஒன்றிரண்டு பட்டை கூடுதலாக இறக்குகிறார். சோலெக்ஸ் என்றால் ஒரு எண் பெரிய ஜெட். எத்தனால் தண்ணீரை இழுக்கும். பழைய ரப்பர் ட்யூபும் ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனையும் ஊறி உப்பும். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி பூக்கும். கரும்பிலிருந்து மட்டுமல்ல, உணவுக் கழகக் கிடங்கு அரிசியிலிருந்தும் எத்தனால் வடிக்க மத்திய அரசு அனுமதித்திருக்கிறது என்று சொன்னேன். கை நின்றது. “அரிசியையா?” என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் கிண்ணத்தைத் துடைத்தார்.

பட்டறையில் உதவிக்கு ஐ.டி.ஐ. முடித்த ஓர் இளைஞர் இருக்கிறார். அவர் கண் முழுக்க இன்ஜெக்ஷன் வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் மீது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாடு வந்ததோடு புது எக்ஸ்.எல். உட்பட மொபெட்டும் பைக்கும் பெரும்பாலும் இன்ஜெக்ஷனுக்குப் போய்விட்டன, புல்லட்டும் போய்விட்டது. மறைமலைநகரில் ஜப்பானின் மிக்குனியோடு சேர்ந்து கார்ப்பரேட்டர் செய்யத் தொடங்கிய யூகால் நிறுவனமே வேறு பாகங்களுக்கு நகர்ந்திருக்கிறது. இளைஞர் போகும் திசை சரி. மேஸ்திரியும் அதைத்தான் சொல்கிறார். ஸ்கேனர் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். ஹெரால்டை வைத்துச் சோறு தின்ன முடியாது. ஆனால் வயலுக்குப் போகும் பழைய எக்ஸ்.எல்.லும் தெளிப்பானும் இந்த டெல்டாவில் இன்னும் பல வருஷம் ஓடும். அதற்குத் தூண்டில் நரம்பு பிடிக்கிற கை வேண்டும். இந்த வேலையை ஐ.டி.ஐ. பாடத்திலிருந்து எடுத்துவிட்டால் அது அவசரப்பட்ட முடிவு என்பது என் கட்சி.

தெளிப்பானோ மொபெட்டோ பழைய காரோ, உங்கள் வீட்டில் இருந்து, மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கிண்ணம் காய்ந்திருந்தால் ஜெட்டில் பிசின் கட்டாது. அடுத்த பட்டத்தில் கிளம்பவில்லை என்றால் முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கம்பியைத் தேடாதீர்கள்.