பாங்காக்கிலிருந்து ஓர் இரவு இரயில்

2024ஆம் ஆண்டு மே விடுமுறையில் தாய்லாந்து, மலேசியா ஆகிய இரு நாடுகளையும் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. எங்கள் குழுவில் இருபத்தாறு பேர். வீட்டிலிருந்து அப்பா, அம்மா, நான், எண்பத்திரண்டு வயதான என் அப்பாயி. பாங்காக்கின் கோயில்களையும் மிதக்கும் சந்தையையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனவே நான் மலேசிய எல்லைவரை எங்களைச் சுமந்து சென்ற இரவு இரயிலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அப்பாயி இந்தப் பயணத்துக்கு இசைந்ததே அந்த இரயிலுக்காகத்தான். அவர்கள் பிறந்தது 1942இல், மலேயாவில் சுங்கை பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில். மறு ஆண்டு ஜப்பானியர் அவர்களின் தந்தையைச் சயாமுக்கு இரயில் பாதை போட அழைத்துச் சென்றனர். மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவர் திரும்பவேயில்லை. போர் முடிந்தபின் தாயும் மகளும் கப்பலேறி நாகப்பட்டினம் வந்து இறங்கினர்.

சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942-43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையைத்தான் 'சயாம் மரண இரயில்' என்கிறோம். அதில் மடிந்த போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரியில் அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. ஆனால் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழரும் மற்ற ஆசியத் தொழிலாளரும் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. பல பதினாயிரம் என்று மதிப்பிடுகிறார்கள்.

எங்கள் பயணத்திட்டத்தில் காஞ்சனபுரி இல்லை. குழுவோடு போகிறவர்கள் குழு போகும் இடத்துக்குத்தானே போகமுடியும்! ஒருவருக்காகப் பேருந்தைத் திருப்ப இயலாது என்று வழிகாட்டி பணிவாகவே சொன்னார். ஆனால் அப்பா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்தப் பாதை தொடங்குமிடம் நோங் பிளா துக் என்னும் சந்திப்பு. அது நாங்கள் செல்லும் தெற்குப் பாதையிலேயே இருந்தது.

பிற்பகலில் வண்டி புறப்பட்டது. இங்குபோல் அங்கே படுக்கைகள் குறுக்கே இல்லை. சன்னலோரமாக நீளவாட்டில் அமைந்திருக்கின்றன. பகலில் எதிரெதிரே இரண்டு இருக்கைகள். வலப்புறச் சன்னலோரம் அப்பாயியை அமர்த்தினோம். குழுவினர் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தனர். அந்தாட்சரி களைகட்டியது. நக்கோன் பதோமில் மாபெரும் புத்த தூபி தெரிந்ததும் எல்லாரும் கைப்பேசியுடன் எழுந்து நின்றனர்.

அடுத்து நோங் பிளா துக். தாய் மொழியில் 'நோங்' என்றால் குட்டை. 'பிளா துக்' என்பது ஒருவகை மீனாம். எவ்வளவு சாதுவான பெயர்! பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும், "அப்பாயி, இதுதான்" என்றேன். ஒரு சிறிய நிலையம், சில மரங்கள், வலப்பக்கம் விலகிச் செல்லும் தண்டவாளம். அவ்வளவே. ஒரு நிமிடம்கூட இருக்காது. அப்பாயி கண்ணாடியில் கை வைத்தபடி அந்தத் தண்டவாளத்தையே பார்த்தார்கள். யாரும் சொல்லாமலே பாட்டு நின்றது. எப்போதும் சளசளவென்று பேசும் ஓர் அத்தை (குழுவில் எங்களுக்குப் பழக்கமானவர்) எழுந்து வந்து அப்பாயியின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

"இவ்வளவு ஒல்லித் தண்டவாளமா?" என்பதுதான் அப்பாயி கேட்ட ஒரே கேள்வி. அது மீட்டர் கேஜ் பாதை என்றும், நம் தஞ்சாவூர்ப் பக்கமும் முன்பு அப்படித்தான் இருந்தது என்றும் அப்பா விளக்கினார்.

இரவானதும் பணியாளர் வந்தார். இரு இருக்கைகளை இழுத்து இணைத்தார். மேலே மடித்திருந்த படுக்கையை இறக்கினார். வெள்ளை விரிப்பு விரித்துத் திரையை மாட்டினார். சில நிமிடங்களில் பெட்டி முழுவதும் படுக்கையறையாகிவிட்டது. என்னே கைவேகம்! நான் மேலே, அப்பாயி கீழே. மேல்படுக்கைக்குச் சன்னல் கிடையாது; விளக்கு வெளிச்சம் வேறு தூங்கவிடவில்லை. நள்ளிரவில் இறங்கிப் பார்த்தபோது அப்பாயி விழித்தே இருந்தார்கள். "எங்கப்பா முகமே எனக்குத் தெரியாது கண்ணு. ஒரு போட்டோகூட இல்ல. அம்மா சொன்னதுதான். நெட்டையா இருப்பாராம், சீட்டியடிச்சுக்கிட்டே பால்மரம் வெட்டுவாராம்" என்றார்கள். பிறகு என்னைத் தம் பக்கத்தில் படுக்கச் சொன்னார்கள். இருவருக்கும் இடம் போதவில்லை. இருந்தும் நான் அங்கேயே உறங்கிவிட்டேன்.

காலையில் ஹாட்யாய் சந்திப்பில் பெட்டிகளைக் கழற்றினார்கள். எங்கள் பெட்டி எல்லையை நோக்கிச் சென்றது. பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை பெற்று, கடிகாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டோம். பட்டர்வொர்த் செல்லும் மின்சார இரயிலில் அனைவரும் பினாங்கைப் பற்றியே பேசிவந்தனர்.

சுங்கை பட்டாணியில் வண்டி நின்றது. கதவு திறந்தது. அப்பாயி எழுந்து, என் தோளைப் பற்றிக்கொண்டு நடைமேடையில் ஒரு காலை ஊன்றினார்கள். "சரி, ஏறு. வண்டி போயிடும்" என்றார்கள்.