சிங்கப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



"மாப்ளே, நம்ம செட்டுல வெளிநாடு போய்ட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான். மலருக்கு ஒரு பயணக் கட்டுரை குடுடா" என்று மலர்க் குழுவில் இருக்கும் என் ரூம்மேட் இரண்டு வாரமாக விரட்டுகிறான். போனது என்னவோ ஒரு வாரம்தான். அதிலும் ஊர் சுற்றியது ஒரே ஒரு நாள்! மற்ற ஆறு நாளும் ஈசூனில் சித்தப்பா வீட்டில் டி.வி. பார்த்தும், லிஃப்டில் ஏறி இறங்கியும் கழிந்தன. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு.

அப்பா 2009 ஆகஸ்டில் சிங்கப்பூர் போனவர். கட்டட வேலை, கம்பி கட்டுவது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். ஒரு மாதம் இருப்பார். தைலமும் சாக்லேட்டும் தீர்வதற்குள் திரும்பிப் போய்விடுவார். "எங்களை எப்பப்பா கூட்டிட்டுப் போவீங்க?" என்று தங்கச்சி கேட்டுக் கேட்டு, கடைசியில் 2024 மே மாதம் விசிட் விசாவில் அம்மா, நான், தங்கச்சி மூவரும் திருச்சியில் விமானம் ஏறினோம்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஊர் பார்க்கும் ஆசை அவ்வளவாக இல்லை. நவம்பர் தேர்வில் மெக்கானிக்ஸ் அரியர். ஏப்ரலில் மறுபடி எழுதியும் நம்பிக்கை இல்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. டிப்ளமோவை விட்டுவிட்டு, டெஸ்ட் அடித்து அப்பா மாதிரியே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடலாம், அதற்குப் பணம் கேட்க வேண்டும்... இதுதான் என் திட்டம். (அரியர் வைத்தவனுக்குத்தான் அந்தக் கணக்கு புரியும். வைக்காத புண்ணியவான்கள் மன்னிக்க!)

ஞாயிறு காலை 7 மணிக்கே அப்பா வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை, புது பெல்ட். அவர் தங்கியிருக்கும் டாமிட்டரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஈசூனில் ரயில் ஏறி தோபி காட்டில் இறங்கினோம். பெயர்ப் பலகையைப் பார்த்துத் தங்கச்சிக்கு ஒரே சிரிப்பு. அந்தக் காலத்தில் நம்மூர்ச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த இடமாம். அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ஒரு ஸ்டேஷன்தான். 2003-இல் திறந்த அந்தத் தடத்தில் ஓட்டுநரே கிடையாது. அம்மா முன் கண்ணாடி வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருமே இல்லியேங்க! யாரை நம்பிங்க ஏறுறது?" என்றாள்.

வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டோம். தேக்காவில் இட்லி. விலையைப் பார்த்ததும் அம்மா 62-ஆல் பெருக்கினாள். அன்று முழுக்க அவள் பெருக்கிக்கொண்டேதான் இருந்தாள். தண்ணீர் பாட்டில் விலையைப் பெருக்கியபின் குடிக்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

அதுவரை அப்பா ராஜா மாதிரி நடந்தார். அவருக்குத் தெரிந்த சிராங்கூன் சாலை, தெரிந்த கடைகள், "என்னண்ணே, குடும்பமா?" என்று கேட்கும் ஆட்கள். ஆனால் ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கியதும் எந்த வாசலில் வெளியேறுவது என்று நின்றுவிட்டார். ஒரு பக்கம் ஏறினோம், தவறு, திரும்பி இறங்கினோம். தங்கச்சிக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா, பதினஞ்சு வருஷமா இருக்கீங்க, வழி தெரியலியா?"

"லாரியில போறப்ப பில்டிங் எல்லாம் தெரியும் பாப்பா. இறங்கி நடந்தாத்தானே வழி தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. லாரியின் பின்னால் உட்கார்ந்து போவதைப் பற்றி இதுவரை அவர் ஒரு வார்த்தை வீட்டில் சொன்னதில்லை.

பிறகு போன் மேப்பைப் பார்த்து நான்தான் வழி நடத்தினேன். ஆற்றின் மேல் கேவனா பாலம். 1869-இல் முடிந்தது. இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. வேலை செய்தவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டு போகப்பட்ட கைதிகள். பாலத்தின் தலைப்பில் மாடு, குதிரைகளுக்கு அனுமதி இல்லை என்று பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. அப்பா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "நமக்குத் தடை இல்லை, வாங்க" என்றார்.

அடுத்து மெர்லயன். சிங்கத் தலை, மீன் உடம்பு. 8.6 மீட்டர் உயரம், 70 டன். 1972-இல் வைத்த சிலை. பின்னால் ஒரு பாலம் வந்து மறைத்துவிட்டதால் 2002-இல் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இப்போதைய இடத்தில் வைத்தார்களாம். அதன் வாயிலிருந்து விழும் தண்ணீரைக் குடிப்பது போல எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். அப்பா வாயைத் திறந்த நேரத்தில் ஒரு சீனத் தாத்தா குறுக்கே வந்துவிட்டார்! அந்தப் போட்டோதான் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.

அங்கே படிக்கட்டில் உட்கார்ந்தால் எதிரே மரினா பே சாண்ட்ஸ். படத்தில் பார்த்திருப்பீர்கள்: 55 மாடியில் மூன்று கோபுரங்கள், மூன்றின் தலையிலும் சேர்த்து வைத்த கப்பல். 340 மீட்டர் நீளம். அதன் ஒரு முனை கடைசிக் கோபுரத்தையும் தாண்டி 65 மீட்டருக்கு மேல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே தூண் கிடையாது!

அம்மாவும் தங்கச்சியும் ஐஸ்கிரீம் வண்டிக்குப் போனார்கள். அங்கே ஐஸ்கிரீமைக் கட்டியாக வெட்டி, கலர் ரொட்டியில் மடித்துத் தருவார்கள். (நம் மெஸ் சப்பாத்தியிலும் மடிக்கலாம். மடிந்தால்!)

"நான் வந்த புதுசுல மூணும் தனித்தனியாத்தான் நின்னுச்சு" என்றார் அப்பா. "மேலே கப்பல் கிடையாது. கீழே செஞ்ச இரும்புத் துண்டை ஜாக் வச்சு மேலே தூக்குனாங்க. நாங்க லாரியில போறப்பல்லாம் பார்ப்போம், இன்னிக்கு எவ்வளவு ஏறியிருக்குன்னு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்த நீட்டிட்டு இருக்கிறது எப்படி தம்பி நிக்குது? நீ படிச்சிருப்பியே."

நான் சும்மா இருந்தேன்.

"எங்க சைட்டுல பால்கனிக்கு மெயின் கம்பியை மேலே போடச் சொல்றான். உள்ளே சிலாபுக்கு நடுவுல கீழே. பால்கனியில கம்பி மிதிபட்டு இறங்கிடக் கூடாதுன்னு சேர் வச்சுத் தூக்கணும். ஒரு தடவை நான் மிதிச்சுட்டேன்னு சூப்பர்வைசர் அத்தனை பேர் முன்னாடி திட்டினான். ஏன் மேலேன்னு கேட்டேன். சொன்னதைச் செய்யுன்னான். பதினஞ்சு வருஷமா செய்யறேன். ஏன்னு தெரியாது."

தங்கச்சி கொண்டுவந்த ரொட்டியில் ஒரு துண்டு வாங்கினேன். படி ஓரத்தில் பாதி வெளியே நீட்டி, உள் பாதியை ஒரு கையால் அழுத்தி, நுனியை மெல்ல அமுக்கினேன். ஓரத்துக்கு நேராக ரொட்டியின் மேல்பக்கம் பிளந்தது.

"பாருங்கப்பா, நுனி தொங்குறப்ப மேல்பக்கம் இழுபடுது, அடிப்பக்கம் அமுங்குது. காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்கத்தான் கம்பி. அதனால பால்கனிக்கு மேலே." இன்னொரு துண்டை இரண்டு ஐஸ்கிரீம் கப் மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் அமுக்கினேன். இந்தத் தடவை அடியில் பிளந்தது. "ரெண்டு பக்கமும் தாங்கல் இருந்தா இழுப்பு கீழே."

அப்பா பிளந்த ரொட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். பிறகு எதிரே அந்த நீட்டிய முனையைப் பார்த்தார். "அப்ப அதுலயும் மேல்பக்கம்தான் இழுப்பா?"

"ஆமாப்பா. அது எஃகு. கணக்கு அதேதான். வெளியே நீட்டுறதைவிட உள்ளே பிடிச்சுக்கிறது கெட்டியா இருக்கணும்."

வாய் தானாகத் திறந்துகொண்டது. "இதே சப்ஜெக்ட்டுலதான்பா எனக்கு அரியர். நவம்பர்ல போச்சு. நான் இங்கேயே வேலைக்கு..."

முடிக்கவில்லை. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ரொட்டித் துண்டை மீன்களுக்குப் போடப் போனவர், தண்ணீரில் எதுவும் போடக்கூடாது என்று நினைவு வந்து, காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"தெரிஞ்சுதானேடா வச்சிருக்கே. அப்புறம் எப்படிப் போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. சென்ற வருஷம் முழுக்க நான் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்தேன் என்பது நம் செட்டுக்கே தெரியும். அதை எப்படி அவரிடம் சொல்வது?

"என்ன, அப்பாவும் மகனும் ரகசியம்?" என்று கேட்டபடி அம்மா வந்தாள்.

"பால்கனிக் கதை" என்றார் அப்பா.

மேலே ஏறிப் பார்க்க டிக்கெட் உண்டு. நாலு பேருக்கு விலையைப் பெருக்கிப் பார்த்ததும் அம்மா, "கீழேருந்தே நல்லாத்தான் தெரியுது" என்று முடித்துவிட்டாள். இருட்டிய பிறகு 8 மணிக்கு நீரில் போடும் விளக்குக் காட்சி இலவசம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். ஈசூனில் எங்களை விட்டுவிட்டு, தன் பஸ் வரும்வரை அப்பா என் தோளில் கை போட்டு நின்றிருந்தார். வேலை பற்றியும் பேசவில்லை, அரியர் பற்றியும் பேசவில்லை. பஸ் வந்ததும், "டெஸ்ட்டுக்குப் பணம் தர மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

ரிசல்ட் வந்தது. ஏப்ரலில் எழுதியதும் போச்சு. அன்றே போன் போட்டுச் சொன்னேன். அடுத்த நவம்பரில்தான் பாஸ் ஆனேன், மார்க்கைக் கேட்காதீர்கள்.

இப்போது ஞாயிறு ஆனால் அப்பாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு போட்டோ வரும், கூடவே ஒரு கேள்வி. போன வாரம் வந்தது மாடிப்படி. "தம்பி, படி திரும்பி லேண்டிங்ல சேர்ற மூலையில கம்பியை வளைக்காம, ரெண்டாப் பிரிச்சுக் குறுக்கே தாண்டி விடச் சொல்றான். ஏன்?"

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. திங்கட்கிழமை சாரைப் பார்க்க வேண்டும்.