டூன் என்னும் சிறுசொல்

மலேயாத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர், சாமான் வாங்கவும் படம் பார்க்கவும் 'டவுனு'க்குப் போய்வந்தனர். நகரம் என்னும் சொல் ஏட்டில் இருக்க, நாவில் நின்றது டவுனே. அங்ஙனம் பழகிவிட்ட அச்சொல், ஆங்கிலத்திலும் தொடக்கத்தில் நகரைக் குறித்ததன்று. பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் 'டூன்' என்பதாகும். பொருள், அடைப்பிட்டுக் காத்த இடம். அடைப்புக்குள் இருந்த வீடும் முற்றமும், பின்னர்ப் பண்ணை, அதன்பின் சிற்றூர், கடைசியாகவே நகரம் எனப் பொருள் விரிந்தது. பிரைட்டன், பிரஸ்டன், சட்டன் என்றாற்போல 'டன்' என முடியும் இங்கிலாந்து ஊர்ப்பெயர்கள் பலவும் அப்பழைய பண்ணைகளின் எச்சங்களே. பிரஸ்டன் குருமார் பண்ணை, சட்டன் தென்பண்ணை.

ஆங்கிலத்தின் உறவுமொழிகளில் இச்சொல் வேறு வேறு நிலைகளில் நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் 'ட்சவுன்' என்றால் வேலி. டச்சு மொழியில் அதுவே 'டௌன்' என ஒலித்துத் தோட்டத்தைக் குறிக்கும். ஐஸ்லாந்து மொழியின் 'டூன்', பண்ணை வீட்டை ஒட்டிய புல்வயல். ஒருவர் அடைப்பைச் சுட்டினார். மற்றவர் அடைபட்டதைச் சுட்டினர். வேலி என்னும் தமிழ்ச்சொல் முள்வேலியையும் குறித்து, தஞ்சைப் பகுதியில் நில அளவையும் குறிப்பதை அறிந்த மாணவனுக்கு இப்பொருள் மாற்றம் வியப்பளிக்காது.

எனினும் ஜெர்மானிய மொழிகள் இச்சொல்லின் பிறந்த வீடல்ல என்பதே மொழியறிஞருள் பெரும்பாலோர் முடிபு. பிறந்த வீடு கெல்திய மொழிகள். அங்கு அது வேலியன்று, அரண். அயர்லாந்து மொழியில் 'டூன்' என்பது கோட்டை. அந்நாட்டின் மேற்கே ஆரன் தீவுகளில், ஏறத்தாழ 100 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் டூன் எங்கஸ் என்னும் கல்லரண் இன்றும் அப்பொருளைக் கண்முன் நிறுத்துகிறது. டொனிகால் என்னும் ஊர்ப்பெயர் 'அயலார் கோட்டை' எனப் பொருள்படும். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன், பிரித்தானியர் கோட்டை. வேல்சு மொழியில் 'டின்' எனத் திரிந்த இச்சொல்லின் வழிவந்த 'டினாஸ்', முற்காலத்தில் அரணையும் இக்காலத்தில் நகரையும் குறிக்கின்றது. ஆங்கிலம் நடந்த வழியிலேயே வேல்சும் தனியே நடந்திருப்பது சுவையான செய்தி.

ஐரோப்பியப் பெருநிலத்திலும் இதன் சுவடுகள் மிகுதி. பிரான்சின் லியோன் நகரம் உரோமர் காலத்தில் லுக்டூனும். 1916ஆம் ஆண்டுப் பெரும்போரால் பெயர்பெற்ற வெர்டன் அன்று விரோடூனும். சுவிட்சர்லாந்தின் நியோன், 'புதுக்கோட்டை' எனப் பொருள்படும் நோவியோடூனும் என்பதன் தேய்வு. கிழக்கே பெல்கிரேடு நகரின் பழம்பெயரும் சிங்கிடூனும் என்பதே. கெல்தியர் எத்துணைத் தொலைவு பரவியிருந்தனர் என்பதற்கு இவ்வூர்ப்பெயர்களே சான்றாகும்.

கெல்தியச் சொல்லை ஜெர்மானியர் கடன் பெற்றனர் என்று எங்ஙனம் துணிவது? இங்கேதான் ஒலி விதி உதவுகின்றது. தமிழில் டகரம் ஓரெழுத்தே. ஆயினும் 'பாடம்' என்பதில் மெலிந்தும் 'பட்டம்' என்பதில் வலிந்தும் ஒலிக்கும். கெல்திய டூன் மெலிந்த ஒலியில் தொடங்குவது. ஆங்கில டூன் வலிந்த ஒலியில் தொடங்குவது. பழைய மெல்லொலி ஜெர்மானியத்தில் முறைப்படி வல்லொலியாக மாறியதை யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கிக் காட்டினார். ஆகவே அம்மாற்றம் நிகழுமுன்னரே இச்சொல் ஜெர்மானியத்துள் புகுந்திருத்தல் வேண்டும். பின்னர் வந்திருப்பின் மெல்லொலி மெல்லொலியாகவே நின்றிருக்கும். அரசனைக் குறிக்கும் கெல்திய 'ரீக்ஸ்' என்பதும் இவ்வாறே சென்று, ஜெர்மன் மொழியில் பேரரசைக் குறிக்கும் 'ரைக்' ஆயிற்று. அரசும் அரணும் அண்டை வீட்டாரிடம் பெற்ற கடன்!

இவ்விதியை மறந்து ஓசையை மட்டும் நம்பினால் வழி தவறும். தமிழில் எழுதினால் ஒன்றுபோல் தோன்றும் மற்றோர் ஆங்கில 'டவுன்' உண்டு; அது 'கீழே' எனப் பொருள்படுவது. பழைய ஆங்கிலத்தில் குன்றுக்கு ஒரு பெயர் மெல்லொலி 'டூன்'. 'குன்றினின்று' என்னும் தொடர் தேய்ந்து தேய்ந்து, குன்றின் பெயரே 'கீழே' என்றாகிவிட்டது. மேட்டின் பெயர் பள்ளத்தை நோக்கிய சொல்லானது மொழியின் விளையாட்டு! இக்குன்றுச் சொல்லும் கெல்தியமே என்பாரும் உளர்; அல்ல என்பாரும் உளர். எவ்வாறாயினும், மெல்லொலி மாறாமல் நிற்பதால், நகரைக் குறிக்கும் டவுன் வந்த கடனில் இது சேர்ந்து வந்திருக்க இயலாது. நிலைமை இவ்வாறிருக்க, நம் 'தூண்' என்பதை இதனோடு முடிச்சிட்டு வகுப்பில் கைதட்டல் பெறுவது ஆசிரியப் பணியாகாது. ஒரு சொல்லின் ஒப்புமை போதாது. அதே ஒலிமாற்றம் பல சொற்களில் வரிசையாகக் காட்டப்படல் வேண்டும். ஓசையால் விலகி நிற்கும் ட்சவுனும் டூனும் உறவினராய் இருப்பது அத்தகைய வரிசையின் வலிமையாலேயே.

டப்ளினுக்குத் தெற்கே ஒரு துறைமுக ஊர் உண்டு. லீரி என்னும் பழைய மன்னனின் கோட்டை என்ற பொருளில் அது டன் லீரி எனப்பட்டது. நான்காம் ஜார்ஜ் மன்னர் 1821இல் அயர்லாந்து வந்து சென்றதை ஒட்டி, அவ்வூருக்குக் 'கிங்ஸ்டவுன்' எனப் புதுப்பெயர் சூட்டினர். 1920இல் பழம்பெயர் மீண்டது. மன்னனின் டூனை நீக்கி மன்னரின் டவுனை வைத்தவர்கள், கெல்தியச் சொல் ஒன்றை அகற்றி அதன் பேரனையே அவ்விடத்தில் அமர்த்தியிருந்தனர்.