ஆறு மணிச் செய்தி

வானொலி அறிவிப்பாளருக்கு அமைதி ஆகாது. ஒலிபரப்பில் ஐந்து விநாடி சத்தம் வராவிட்டால் நிலையத்தில் எல்லாருக்கும் வியர்த்துவிடும். பேசியே பிழைக்கும் எனக்கு, கைப்பேசிகூட வேலை செய்யாத ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வரும் ஜூலையில் தோழிகள் இருவருடன் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா பாதையில் வண்டி ஓட்டிச் செல்லப் போகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மரீ என்ற சிற்றூரில் தொடங்கி மார்லாவில் முடியும் இந்த மண்பாதை சுமார் 620 கிலோமீட்டர். நடுவில் வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என இரண்டே ஊர்கள். ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் பெட்ரோல் கிடைக்கும். பத்து பாகாட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் தூரத்தைவிட அது அதிகம்.

ஜூலை அங்கே குளிர்காலம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் அப்போது போவது அறிவல்ல. மழை பெய்தால் பாதை சேறாகி மூடப்படும். மூடிய பாதையில் ஓட்டினால் அபராதம் உண்டு.

எங்கள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 5 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் சில நாள்களுக்குக் கூடுதல் இருப்பு. மாற்று டயர் இரண்டு. மணலில் சிக்கினால் டயரின் காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம். அனைத்துலக ஓட்டுநர் உரிமம். மண்பாதையில் ஓட்ட அனுமதி உண்டு என்று எழுத்தில் தரும் வாடகை நிறுவனம். பல ஒப்பந்தங்களில் அந்த அனுமதி இருக்காது. படிக்காமல் கையெழுத்துப் போட்டால், விபத்து நேரும்போது காப்புறுதி கைகொடுக்காது.

எல்லாவற்றையும் அம்மாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, போய்ட்டு வா. ஆனா ஒருநாள் உன்கிட்டேருந்து செய்தி வரலன்னா, நான் யாருக்குப் போன் அடிக்கணும்?" என்றார்.

என் பட்டியலில் அதற்கு விடை இல்லை. 2023 மார்ச்சில் பத்து பாகாட் வட்டாரத்தை வெள்ளம் சூழ்ந்ததைப் பார்த்தவர் அம்மா. யார் எந்த நிவாரண மையத்தில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் உறவுகள் தவித்தது அவருக்கு மறக்கவில்லை. ஆபத்தில் இருப்பவரைவிட, காத்திருப்பவருக்குத்தான் சில நேரம் வழி தெரிய வேண்டியிருக்கிறது.

பாலைவனமும் அதையே சொல்கிறது. 1998 டிசம்பரில், இதே பாதைக்கு அருகிலுள்ள ஏர் ஏரிக் கரையில் ஆஸ்திரியப் பயணிகள் இருவரின் வண்டி மணலில் புதைந்தது. பக்கத்திலேயே தொட்டியில் தண்ணீர் இருந்தது. உதவி தேடி நடந்தார்கள். நடையைத் தொடர்ந்த பெண் வெயிலில் இறந்தார். வண்டிக்குத் திரும்பிய அவருடைய துணைவர் பிழைத்தார். வண்டியை விட்டு நகரக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். ஆனால், யாராவது தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவரால் நகராமல் உட்கார முடியும்.

அந்த நம்பிக்கையை அங்கே முதலில் தந்தது வானொலிதான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1929-இல் ஆல்பிரட் டிரேகர் என்பவர், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை அமைத்தார். பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தனியாக வாழ்ந்த குடும்பங்கள் அதன்மூலம் பறக்கும் மருத்துவரை அழைத்தன.

இப்போது எங்களிடம் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று, செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்புவது. மற்றொன்று, உயிராபத்தில் மட்டும் இயக்க வேண்டிய அவசர ஒலிபரப்பி. அதை இயக்கினால், மீட்பு மையம் நாம் பதிந்து வைத்த அவசரத் தொடர்பு எண்ணை அழைக்கும். எடுப்பவருக்கு நம் வழி தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு தாள் எழுதினோம். எந்த நாள் எந்த ஊர், வண்டியின் நிறம், பதிவு எண், எவ்வளவு தண்ணீர், தெற்கு ஆஸ்திரேலியப் போலீசின் எண் எல்லாம் அதில் உண்டு. தினமும் அங்கே மாலை 6 மணிக்குச் செய்தி வரும். இங்கே அப்போது 4.30. இரவு 9 வரை வராவிட்டால் அண்ணன் போன் அடிப்பார். ஊர் வந்து சேர்ந்ததும் செய்தி அனுப்ப மறப்பதும் தவறு. வீணாக ஒரு தேடுதல் விமானம் கிளம்பிவிடும்.

தனியாகப் பயணம் போக நினைக்கும் தம்பி, தங்கைகளே, விமானச் சீட்டு வாங்குமுன் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து இந்தத் தாளை எழுதுங்கள். அம்மா எங்கள் தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார். ஓரத்தில் தன் கையெழுத்தில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "சாப்டியான்னும் கேட்கணும்."